குழந்தைப் பிரிவில் இரண்டு பிள்ளைக்கு ஒரே கிளெப்சியெல்லா: முதல் நாள் என்ன செய்வது?

முறிகண்டி_மிஸ் (கேள்வி):

வணக்கம். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கான வழிகாட்டிகள் கனக்க இருக்கு. நான் கேக்கிறது வன்னியில இருக்கிற மாதிரிச் சின்னப் பிரிவுகளைப் பற்றி, புதுசாப் பிறந்த பிள்ளையளைப் பார்க்கிற இடம். 8 தொட்டில், 2 இன்கியூபேற்றர், இரவில ஒரு தாதி, ஒரு சுகாதார உதவியாளர். கல்ச்சர் (இரத்தத்தில கிருமி வளருதோ எண்டு பாக்கிற சோதனை) அங்க செய்ய ஏலாது. இரத்தப் போத்தல் ஏ9 வீதி வழியா பெரிய ஆய்வுகூடத்துக்குப் போகும், முழு ரிப்போட் வர 3 நாள், இடையில போயா லீவு வந்தா இன்னும் இழுபடும்.

இப்பிடி ஒரு பிரிவில 10 நாளுக்குள்ள 2 பிள்ளையளின்ர இரத்தத்தில கிளெப்சியெல்லா எண்ட கிருமி வருது எண்டு வையுங்கோ. இரண்டுக்கும் செபோடாக்சிம், செப்டாசிடிம், ஜென்டாமைசின் மூண்டும் வேலை செய்யாது. அமிகாசின், மெரோபெனம் வேலை செய்யும். இது பரம்பலா, தற்செயலா? ரிப்போட் கிடைச்ச அண்டைக்கே என்ன செய்யவேணும்? எல்லாப் பிள்ளைக்கும் மெரோபெனம் தொடங்குறதா? சுவர், நிலம், மேசை எல்லாம் சுவாப் (பஞ்சுக்குச்சியால தடவிக் கிருமி பாக்கிறது) எடுக்கச் சொல்லியும் ஒரு கதை, பிரிவை மூடச் சொல்லியும் ஒரு கதை. எது சரி?

பாலைநிழல்:

மிஸ், ஒரே இனம், ஒரே எதிர்ப்புக் கோலம் (எந்தெந்த மருந்துக்கு அடங்காது என்பது), 10 நாளுக்குள் இரண்டு பிள்ளை. இதைப் பரம்பல் என்றே எடுத்து வேலையைத் தொடங்குங்கள். பிறகு இல்லையென்று தெரிந்தால் நட்டமில்லை, ஆனால் மூன்றாவது பிள்ளைக்காகக் காத்திருந்தால் நட்டம் பெரிது. மெரோபெனமுக்கே மசியாத கிருமி என்றால் இரண்டுவரை எண்ணவும் தேவையில்லை, ஒரு பிள்ளை போதும்.

முதலில் மருந்துக் கதை. கிளெப்சியெல்லாவுக்கு அம்பிசிலின் எதிர்ப்பு பிறவிக்குணம். ஆகவே அம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற வழமையான சோடியில் இந்தக் கிருமிக்கு எதிராக வேலை செய்வது ஜென்டாமைசின் மட்டும்தான். நீங்கள் சொன்ன கோலத்தில் அதுவும் இல்லை. இஎஸ்பிஎல் என்று நாம் சொல்வது செபோடாக்சிம் வகையை உடைக்கிற நொதியை. அதைக் காவும் கிருமி பெரும்பாலும் அந்த மரபணுவோடு சேர்த்து ஜென்டாமைசின் எதிர்ப்பையும் ஒரே பிளாஸ்மிட்டில், அதாவது கிருமிக்குக் கிருமி தாவுகிற மரபணு வளையத்தில், கொண்டுவரும். அதனால்தான் மூன்றும் ஒன்றாகப் போகின்றன.

நோய்க்குறி உள்ள பிள்ளைக்கு மட்டும் குழந்தைநல நிபுணரும் நுண்ணுயிரியல் நிபுணரும் பேசி மெரோபெனமோ அமிகாசினோ முடிவெடுக்கட்டும். புதிதாகச் சந்தேகப்படும் பிள்ளைக்குத் தொடங்கும் மருந்தையும் பரம்பல் முடியும்வரை அவர்களே மாற்றிச் சொல்வார்கள். நல்லாயிருக்கிற பிள்ளைக்கு வருமுன் காப்பாக மெரோபெனம் கொடுக்கவே கூடாது. அது பிள்ளையின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைத் துடைத்துவிட்டு, மெரோபெனமையும் தாண்டுகிற அடுத்த கிருமிக்கு இடம் விட்டுக் கொடுக்கும். நெதர்லாந்தில் இரண்டு குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றில் பெனிசிலின், டோப்ராமைசின் சோடியையும் மற்றதில் அமொக்சிசிலின், செபோடாக்சிம் சோடியையும் 6 மாதம் கொடுத்து, பிறகு மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கிற மருந்துக்கே அடங்காத கிருமி குடியேறும் வாய்ப்பு செபோடாக்சிம் பக்கத்தில் 18 மடங்கு. 2000இல் வெளியான ஆய்வு அது. செபோடாக்சிமைக் கைக்கெட்டியதும் தொடங்குகிற பழக்கம்தான் பல இடங்களில் இஎஸ்பிஎல்லை வளர்க்கிறது என்பது என் அபிப்பிராயம். கல்ச்சர் 36 முதல் 48 மணித்தியாலத்தில் ஒன்றும் காட்டாமல், பிள்ளையும் நன்றாக இருந்தால் மருந்தை நிறுத்துங்கள். உங்கள் இடத்தில் இதற்கு முழு ரிப்போட் வரும்வரை இருக்கத் தேவையில்லை. “இதுவரை வளர்ச்சியில்லை” என்ற ஒரு சொல் தொலைபேசியில் வந்தால் போதும்.

இனி, மருந்து பரம்பலை நிறுத்தாது. பாதையை அடைத்தால்தான் நிற்கும். கிருமியின் பெயரே பாதியைச் சொல்லிவிடும். கிளெப்சியெல்லா என்றால் பிள்ளைகளின் குடலும், நம்முடைய கைகளும், பொதுவாகப் பாவிக்கும் சேலைன், டெக்ஸ்ட்ரோஸ் போத்தலும், பாலும். சூடோமோனாஸ் என்றால் தண்ணீர், குழாய் வாய், இன்கியூபேற்றரின் ஈரப்பதத் தொட்டி. அசினெட்டோபாக்டர் காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே மெத்தை, மொனிற்றர் வயர், ஸ்ரெதஸ்கோப். செராட்டியா வந்தால் சவர்க்காரப் போத்தல், கிருமிநீக்கிக் கரைசல், பால் எடுக்கும் பம்ப். டெல்லியில் 3 ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் முதலிடம் அசினெட்டோபாக்டர், அடுத்தது கிளெப்சியெல்லா. 11 நாடுகளில் 19 ஆஸ்பத்திரிகளில் 2018 முதல் 2020 வரை பார்த்ததில் கிளெப்சியெல்லாவே முன்னால் நின்றது.

உங்கள் கிருமிக்கு நான் முதலில் கை வைக்கிற இடம் போத்தல். கிளெப்சியெல்லாவும் அதன் சொந்தக்காரர்களான எண்டரோபாக்டர், செராட்டியாவும் டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் அறை வெப்பத்திலேயே பெருகும், கலங்கலும் தெரியாது. 1970–71இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஏற்பட்ட இரத்தத் தொற்றுகளுக்கு நாளத்தில் ஏற்றும் திரவமே காரணமாக இருந்தது. 500 மில்லி சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு, அதில் ஊசி குத்தி வைத்து, பகல் முழுக்க எல்லாப் பிள்ளையின் கனுலாவையும் (நாளத்தில் போட்ட சிறு குழாய்) அதிலிருந்து எடுத்துக் கழுவுகிற வழக்கம் எங்காவது இருந்தால் அன்றைக்கே நிற்பாட்டுங்கள். அந்தப் போத்தலை ஊற்றிவிடாமல் அடைத்து, திகதி எழுதி, ஆய்வுகூடத்துக்காக எடுத்து வையுங்கள். கழுவ 5 அல்லது 10 மில்லி ஒற்றைப் பாவனைச் சேலைன், ஒரு பிள்ளைக்கு ஒன்று. இரத்தம் உறையாமலிருக்கப் பாவிக்கும் ஹெப்பாரின் குப்பிக்கும் இதே கதைதான்.

10% டெக்ஸ்ட்ரோஸ் ஆயத்தமாக வராத இடங்களில் 5%, 50% இரண்டையும் கலப்பார்கள். 100 மில்லிக்கு 5% இல் 89 மில்லி, 50% இல் 11 மில்லி. கணக்கு சரி, ஆனால் ஒவ்வொரு கலப்பும் ஒரு வாசல் திறப்பு. கலந்ததை ஒரு பிள்ளைக்கு மட்டும், கலந்த உடனே. மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த பிள்ளைக்கு எடுக்கக்கூடாது.

ஐசிஎன்_மாங்குளம்:

டொக்டர் போத்தலைச் சொல்லிப்போட்டார், நான் கைக்கும் தண்ணிக்கும் வாறன்.

தொற்று உள்ள 2 பிள்ளையையும் ஒரு மூலைக்கு, முடிஞ்சா தனி அறைக்கு மாத்துங்கோ. தனி அறை இல்லாட்டி தொட்டிலுக்குத் தொட்டில் குறைஞ்சது 1 மீற்றர். அந்த மூலைக்கெண்டு ஸ்ரெதஸ்கோப், வெப்பமானி, அளவு நாடா, சக்சன் குழாய் எல்லாம் தனி. பகல்ல ஒரு மிஸ் அந்தப் பக்கம் மட்டும் பார்க்கட்டும். இரவில ஒரே ஆள் எண்டால் ஒழுங்குமுறை இருக்கு: முதல் சுகமான பிள்ளையள், கடைசியா அந்த மூலை. மாறி நடக்கவேண்டி வந்தால் கவுனைக் கழட்டி, கை துப்பரவாக்கித்தான் இஞ்சால வரலாம்.

கையுறையை நம்பாதேங்கோ. ஒரே கையுறையோட நாலு தொட்டில் தொட்டால் அது வெறுங்கையை விட மோசம். ஏனெண்டா போட்டிருக்கிறவைக்குக் கை ஊத்தையாத் தெரியாது. மோதிரம், மணிக்கூடு, காப்பு, கோயில்ல கட்டின நூல் எல்லாம் முழங்கைக்குக் கீழ இருக்கக்கூடாது. நூலைக் கழட்ட மனமில்லாதவை அதைக் கழுத்துக்கு மாத்தலாம். இதைச் சண்டை பிடிச்சுச் சொல்லாமல் வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னால் ஒருத்தரும் கோவிக்காயினம்.

அல்ககோல் ஹாண்ட்ரப் ஒவ்வொரு தொட்டில் தலைமாட்டிலயும் இருக்கவேணும், வாசல்ல ஒண்டு வைச்சுக் காணாது. உள்ளங்கை நிறைய எடுத்து 20 முதல் 30 செக்கன் தேய்ச்சு, தானாக் காயவேணும். சப்ளை நிண்டால் ஆஸ்பத்திரி மருந்தகத்திலயே உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்குப்படி செய்யலாம். 10 லீற்றருக்கு 96% எதனோல் 8333 மில்லி, 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் 417 மில்லி, 98% கிளிசரோல் 145 மில்லி, மிச்சம் 10 லீற்றர் வரைக்கும் காய்ச்சி வடிச்ச தண்ணி, இல்லாட்டிக் கொதிச்சு ஆறின தண்ணி. போத்தலில அடைச்சு 72 மணித்தியாலம் வைச்சுத்தான் பாவிக்கலாம். போத்தலிலயே இருக்கக்கூடிய வித்திகளைப் பெரொக்சைட் அழிக்க அந்த நேரம் வேணும். இது லேசாத் தீப்பிடிக்கிற சாமான், வன்னி வெயிலுக்குத் தகரக் கூரை ஸ்டோரிலயோ ஜெனரேற்றர் அறைப் பக்கமோ அடுக்கி வைக்கவேண்டாம். பாதிப் போத்தலுக்கு மேல புதுசு ஊத்தி நிரப்பிறதும் வேண்டாம். சவர்க்காரப் போத்தலும் அப்பிடித்தான்: முடிஞ்சால் கழுவி, காயவிட்டு, பிறகு நிரப்பவேணும்.

ஸ்பிரிற்றில ஊறப்போட்ட பஞ்சு டப்பா இருக்கெல்லோ, அதைத் தூக்கி எறியுங்கோ. கை விட்டுக் கை விட்டு அது கிருமிக் குளமாயிடும். பஞ்சைத் தேவைப்படேக்க மட்டும் நனைக்கவேணும்.

இனித் தண்ணி. கை கழுவுற பேசின்ல மிச்சப் பால், சேலைன், குளிப்பாட்டின தண்ணி ஒண்டும் ஊத்தக்கூடாது. சீனியும் பாலும் வடிகுழாய்க்குள்ள கிருமிக்குச் சாப்பாடு. குழாயைத் திறக்கேக்க அங்கயிருந்து தெறிக்கும், அதால மருந்து கலக்கிற மேசை பேசினுக்கு 1 மீற்றருக்குள்ள இருக்கக்கூடாது. எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி கனக்க இடத்தில கடினத் தண்ணி. குழாய் வாயில வெள்ளையாப் படியிற சுண்ணாம்புக்குள்ள கிருமி படலமா ஒட்டிக்கொண்டிருக்கும், குளோரின் போட்டாலும் உள்ளுக்குப் போகாது. வலைபோட்ட வாய் இருந்தால் கழட்டி எறியலாம். இல்லாட்டி சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துக் கழுவுங்கோ. வட அயர்லாந்தில 2011 கடைசியில தொடங்கி 2012 தை மட்டும் குழந்தைப் பிரிவுகளில சூடோமோனாஸ் பரவி பிள்ளையள் செத்தது குழாய்த் தண்ணியாலதான். பிறகு அங்க குறைமாதப் பிள்ளையளைத் துடைக்கக் கிருமியில்லாத தண்ணிதான். உங்களுக்கு வந்தது கிளெப்சியெல்லா எண்டாலும் பிள்ளையைத் துடைக்கக் கொதிச்சு ஆறின தண்ணி, ஈரப்பதத் தொட்டிக்குக் கிருமியழிச்ச தண்ணி, 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தவேணும். மூச்சுக்கு உதவுற சீபாப் கருவியின்ர குமிழிப் போத்தலையும் மறக்காதேங்கோ.

துப்பரவு: முதல் சவர்க்காரத் தண்ணி, பிறகுதான் குளோரின். ஊத்தைக்கு மேல குளோரின் ஊத்தினால் ஊத்தையோடயே செலவழிஞ்சு போயிடும். 5% திரவம் எண்டால் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணி, அது 0.1%, மேசை, தொட்டில் கம்பிக்குக் காணும். இரத்தம் சிந்தின இடத்துக்கு 0.5%, அதாவது 1 பங்குக்கு 9. ரி.சி.எல் எண்ட குளோரின் தூள் 70% எண்டால் லீற்றருக்கு 1.4 கிராம் போட்டால் 0.1%, 7 கிராம் போட்டால் 0.5%. தூள் பையின்ர சதவீதத்தை வாசிச்சுத்தான் கணக்குப் போடவேணும். 10 நிமிசம் ஈரமா நிக்கவேணும். ஒவ்வொரு நாளும் புதுசாக் கரைச்சு, வெளிச்சம் படாத மூடிப் பாத்திரத்தில வையுங்கோ.

இன்கியூபேற்றரைப் பிள்ளை உள்ள இருக்கேக்க குளோரினால துடைக்கக்கூடாது. வெளியில எடுத்து, கழட்டக்கூடியதெல்லாம் கழட்டி, ரப்பர் வளையம் வரைக்கும் கழுவி, குளோரினுக்குப் பிறகு வெறுந்தண்ணியால துடைச்சு, காஞ்ச பிறகு பிள்ளை. பினோல் கலந்த கிருமிநீக்கி குழந்தைப் பிரிவுக்குள்ளயே வரக்கூடாது. அந்த ஆவியும் தோல் வழியும் பிள்ளைக்கு மஞ்சள் ஏத்தும். கண்ணாடி மாதிரி மூடியில ஸ்பிரிற் பூசினால் வெடிப்பு விழும், வெடிப்புக்குள்ள திரும்பக் கிருமி. உறை கிழிஞ்ச மெத்தையைத் தைக்கவேண்டாம், எறியுங்கோ.

அகார்த்தட்டு:

ஆய்வுகூடப் பக்கத்திலிருந்து சில.

இரத்தம் குறைந்தது 1 மில்லி, மருந்து தொடங்குமுன். 0.3 மில்லி அனுப்பிவிட்டு “வளர்ச்சியில்லை” என்று வந்தால் அதை நம்பி மருந்தை நிறுத்த முடியாது. போத்தல் மூடியின் ரப்பரையும் துடைத்துக் காயவிட்டுத்தான் குத்த வேண்டும். 28 வாரத்துக்குக் குறைந்த பிள்ளையின் தோல் அல்ககோல் கலந்த குளோர்ஹெக்சிடினில் வெந்துபோகும். மிகக் குறைவாகப் பாவியுங்கள், முதுகுக்குக் கீழே தேங்க விடாதீர்கள்.

குத்திய போத்தலைத் தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸோடு வைத்து அனுப்புவது அடிக்கடி நடக்கிற பிழை. அறை வெப்பம்தான் வேண்டும், ஐஸ் இல்லாத பெட்டியில். அம்புலன்சில் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைப்பதும் கூடாது. மலவாய் சுவாப் வேறு: அதைக் கடத்தும் ஊடகத்தில் போட்டுக் குளிரில் அனுப்பலாம்.

சுவர், நிலம் சுவாப் பற்றி: ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் சுரண்டி 40 சுவாப் அனுப்பாதீர்கள். ஏதாவது ஒரு கிளெப்சியெல்லா எங்கேயாவது வரும், அதுதான் காரணமா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. முதலில் பிள்ளைகளின் சுவாப். பிரிவில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் மலவாய் சுவாப் ஒன்று, பிறகு கிழமைக்கு ஒன்று. இரத்தத்தில் வந்த 2 பிள்ளைக்குப் பின்னால் குடலில் மட்டும் காவிக்கொண்டு சுகமாக இருக்கிற பிள்ளைகள் அநேகமாக இருப்பார்கள். அவர்களுக்கு மருந்து வேண்டாம், ஆனால் அந்த மூலைக்கு மாற்ற வேண்டும். இதோடு ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்: பிறந்த திகதி, நிறை, எந்தத் தொட்டில், எந்த நாள் எந்தத் தொட்டிலுக்கு மாறியது, கனுலா போட்ட திகதி, யாருடைய பால், எந்தத் திரவம், எங்கேயிருந்து மாற்றிவந்தது. 2 பிள்ளையும் சந்திக்கிற இடம் அதில் தெரியும். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு திறந்த போத்தல், பால் பம்ப், ஈரப்பதத் தொட்டி என்று குறிவைத்து எடுத்த சுவாப் 5 போதும்.

ஆய்வுகூடத்துக்குச் சொல்லிவையுங்கள்: தட்டை எறிய வேண்டாம், கிருமியைச் சேமித்து வைக்கவும். எதிர்ப்புக் கோலம் ஒன்றாயிருப்பதால் மட்டும் ஒரே வம்சம் என்று ஆகாது, தேவைப்பட்டால் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்கலாம். இஎஸ்பிஎல் உறுதிப்படுத்தக் கிளாவுலானிக் அமிலம் சேர்த்த மருந்து வட்டுக்கும் சேர்க்காததுக்கும், சுற்றிக் கிருமி வளராத வளையத்தில் 5 மில்லிமீற்றரோ கூடவோ வித்தியாசம் வர வேண்டும். கடைசி வழியாகப் பாவிக்கும் கோலிஸ்டின் மருந்தை வட்டு வைத்துப் பார்த்து “வேலை செய்யும்” என்று வருகிற ரிப்போட்டை ஏற்காதீர்கள். அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது. செராட்டியாவுக்குக் கோலிஸ்டின் பிறவியிலேயே பிடிக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முறிகண்டி_மிஸ்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விசயம் மிச்சம். மூடுறதோ இல்லையோ? அம்மாமாரை வெளியில நிப்பாட்டுறதோ?

பாலைநிழல்:

முழுதாக மூடுவது கடைசி வழி. நகரத்தில் ஒரு பிரிவை மூடினால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கும். இங்கே கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 60 கிலோமீற்றருக்கு மேல், முல்லைத்தீவிலிருந்து வவுனியா அதைவிடத் தூரம். 1.2 கிலோ பிள்ளை அம்புலன்சில் குளிர்ந்துபோய்ப் போவதும் உயிராபத்துத்தான். ஆகவே பாதியாகப் பிரியுங்கள்: ஏற்கெனவே இருந்த பிள்ளைகள் ஒரு பக்கம், புதிதாகப் பிறப்பவர்கள் கழுவிய மறுபக்கம், ஆட்களும் வேறு. வெளியிலிருந்து வருகிற பிள்ளைகளை ஏற்பதை மட்டும் நிறுத்தி, 34 வாரத்துக்கு முன் பிறக்கும் என்று தெரிகிற தாய்மாரைப் பிரசவத்துக்கு முன்பே பெரிய இடத்துக்கு அனுப்பலாம். இரண்டு கிழமை இதெல்லாம் செய்தும் புதுப் பிள்ளைக்கு வந்தாலோ, கிருமி மெரோபெனமையும் தாண்டினாலோ மூடுவதைப் பற்றிப் பேசலாம். அதை வைத்திய அத்தியட்சகரும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், விடுதி மட்டத்தில் அல்ல. நெருக்கடியைக் குறைக்காமல் இதில் எதுவும் முழுதாக வேலை செய்யாது. தென்னாப்பிரிக்காவின் தெம்பிசாவில் 2019 கடைசியில் கிளெப்சியெல்லாவால் 10 பிள்ளைகள் இறந்தபோது இட நெருக்கடியும் ஆட்குறைவுமே முன்னுக்கு வந்தன.

அம்மாமாரை வெளியில் நிறுத்தக்கூடாது. பார்க்க வருகிற சொந்தக்காரரை நிறுத்துங்கள். அம்மா தன் பிள்ளையை மட்டும் தொடுகிற ஒரே ஆள், அவதான் அந்தப் பிரிவில் ஆகக் குறைந்த ஆபத்து. 2021இல் வெளியான 5 நாட்டு ஆய்வில், 1 முதல் 1.799 கிலோ வரையான பிள்ளைகளுக்குப் பிறந்த உடனே கங்காரு முறை (அம்மாவின் நெஞ்சோடு தோலோடு தோலாக வைப்பது) தொடங்கியபோது 28 நாளுக்குள் இறப்பு 15.7% இலிருந்து 12.0% ஆகக் குறைந்தது. தாய்ப்பால் அவரவர் பிள்ளைக்கு மட்டும். கையால் எடுப்பது பம்பை விட நல்லது. எடுத்த பால் வெளியில் 4 மணித்தியாலம் நிற்கும் என்பது 25 பாகை அறைக்கான கணக்கு. சித்திரை வைகாசியில், அதுவும் கரண்ட் போன நேரத்தில், அதை நம்பாமல் எடுத்த உடனே கொடுங்கள்.

குடும்பநலம்_துணுக்காய்:

வீட்டுப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பேக்க “இஎஸ்பிஎல் கிளெப்சியெல்லா காவுது” எண்டு பிள்ளையின்ர சுகாதாரப் பதிவேட்டில எழுதிவிடுங்கோ. இல்லாட்டி 3 கிழமையால காய்ச்சலெண்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்க திரும்பவும் ஜென்டாமைசின்தான் ஏறும். வேற இடத்துக்கு மாத்தேக்க போனிலயும் முதலே சொல்லவேணும்.

காவுற பிள்ளைக்கு மாதக்கணக்கில குடலில இருக்கலாம். அதுக்காக வீட்டில ஒதுக்கிவைக்கத் தேவையில்லை, அண்ணன் அக்கா தூக்கலாம், பால் தாராளமாக் குடுக்கலாம். பீ துடைச்ச பிறகும் பால் குடுக்க முதலும் சவர்க்காரத்தால கை கழுவினால் காணும். துடக்குக் கழியுமட்டும் ஆக்கள் வந்து தூக்காத எங்கட வழக்கம் இந்தப் பிள்ளையளுக்கு நல்லதாப் போச்சு. ஆனா உரைமருந்து, கோரோசனை, சீனித்தண்ணி ஒண்டும் வாயில வைக்கவேண்டாம், தொப்புளில ஒண்டும் பூசவேண்டாம்.

பால் குடியாமை, வலிப்பு, நிமிசத்துக்கு 60 அல்லது அதுக்கு மேல மூச்சு, நெஞ்சு உள்வாங்கல், 38 பாகை காய்ச்சல் அல்லது 35.5க்குக் கீழ குளிர், தட்டினால்தான் அசையிறது: இதில ஒண்டு கண்டாலும் பதிவேட்டையும் கொண்டு அண்டைக்கே ஆஸ்பத்திரி.

முறிகண்டி_மிஸ்:

கடைசியா ஒண்டு. எப்ப முடிஞ்சுது எண்டு சொல்லலாம்?

ஐசிஎன்_மாங்குளம்:

காவுற பிள்ளையள் எல்லாம் வீட்ட போய், அந்த மூலை முழுக்கக் கழுவி, பிறகு கிழமைச் சுவாப் 3 தரம் தொடர்ந்து ஒருத்தருக்கும் வராட்டி நாங்கள் முடிஞ்சுது எண்டு எழுதுறம். கிழமைச் சுவாப்பை அதுக்குப் பிறகு நிப்பாட்டலாம். ஒற்றைப் பாவனைச் சேலைனை நிப்பாட்டவேண்டாம், ஸ்டோரில கேட்டு மாதக் கணக்கில சேர்த்துவிடுங்கோ.